ஒரு டியூபுக்காக ஒரு மாதம் காது கேட்காமல் இருந்த அப்பா

அப்பாவின் காதுக் கருவி நேற்றுதான் கடையிலிருந்து திரும்பி வந்தது. சர்வீஸுக்கு அனுப்ப வேண்டும் என்று வாங்கி வைத்து ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தார்கள். பில்லைப் பார்த்தால், மாற்றியது காதுக்குள் பொருத்துகிற அச்சையும் கருவியையும் இணைக்கிற அந்தச் சின்ன பிளாஸ்டிக் டியூப் ஒன்றைத்தான். இந்த நேரம் பார்த்து, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னோடு படித்த நண்பர் தன் அம்மாவுக்கு என்ன கருவி வாங்கலாம் என்று கேட்கிறார். கொஞ்சம் சூடாகத்தான் எழுதுகிறேன்.

அப்பா செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பக்கம் வேலை செய்தவர். 85 டெசிபல் தாண்டினால் காதுக்குப் பாதுகாப்பு கட்டாயம் என்பதெல்லாம் இப்போதைய சட்டம், அவர் காலத்தில் பஞ்சுதான். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சட்டத்தில் தொழில்சார் நோய், இன்னும் வேலையில் இருப்பவர்கள் இதை விசாரித்து வையுங்கள். இரைச்சல் முதலில் அடிப்பது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தை, அதாவது மெல்லிய, கீச்சென்ற சத்தங்களைக் கேட்கும் திறனை. அப்புறம் வயது கூடக் கூட மற்றதும் இறங்கிவிட்டது. அதனால் என் குரல் ஓரளவு கேட்கும், பேத்தியின் குரல் கேட்காது. "சத்தம் கேக்குது, என்ன பேசுறீங்கன்னுதான் புரியல" என்பார். இணையத்தில் நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) குறைவாக விற்கிற ஒலிபெருக்கிகளை வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். அது எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி தூக்கிவிடும், பாத்திரம் விழுகிற சத்தம் உட்பட. முதலில் கிளினிக்கில் கடிதம் வாங்கி அரசு மருத்துவமனையில் காதைச் சோதித்துவிடுங்கள். எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் அந்தச் சோதனை வரைபடம் கையில் இருந்தால் கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பி நிற்க வேண்டியதில்லை.

எங்களுடையது ஒரு காதுக்கு 1,800 வெள்ளி, காதுக்குப் பின்னால் மாட்டுகிற சாதாரண வகை, ஆரஞ்சு ஸ்டிக்கர் 13ஆம் நம்பர் பேட்டரி. ஸ்டிக்கரை உரித்ததும் உடனே போடாமல் ஒரு நிமிடம் காற்றில் வைத்துப் போட வேண்டும், அது காற்றில் வேலை செய்கிற பேட்டரி. இதைக் கடையில் சொன்னார்கள்.

டியூபைப் பற்றித்தான் யாரும் வாய் திறக்கவில்லை. நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் வியர்வை ஆவி அந்த டியூபுக்குள் போய்த் துளியாக நின்றுவிடும். ஒரு துளி போதும், சத்தம் அடைத்துவிடும், கருவியே செத்துவிட்டது போல இருக்கும். சில மாதங்களில் டியூப் மஞ்சளாகி விறைத்துப் போகும், அச்சு சரியாக உட்காராது, கூவென்று விசில் அடிக்கும். பழைய டியூபை உருவிப் புதியதை மாட்டுவது சில நிமிட வேலை. ஈப்போவில் ஒரு ஆடியோலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) எங்கள் கண் முன்னால் செய்து காட்டினார், அச்சைக் கழற்றி ரப்பர் ஊதியால் ஊதவும் கற்றுக்கொடுத்தார். கருவியை விற்றவர்களுக்கு இது தெரியாதா? தெரிந்தும் ஒரு வயசாளியை ஒரு மாதம் ஊமைப்படம் பார்க்க விட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆனால் கருவியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது: அப்பா கத்திப் பேசுவதை நிறுத்திவிட்டார். தன் குரல் தனக்கே கேட்காததால்தான் இத்தனை வருடம் கத்தினார், கோபத்தில் இல்லை. வீட்டில் முக்கால்வாசி சண்டை அதோடு போய்விட்டது. கருவி இல்லாத இந்த மாதம் மறுபடி கத்தல், மறுபடி அம்மாவின் முகச்சுளிப்பு. மின்னல் எஃப்எம் பக்கத்து வீடு வரை கேட்டது.

செலவுக்கு ஒரு வழி: பெற்றோருக்கு ஓகேயூ (மாற்றுத்திறனாளி) அட்டை இருந்தால், அவர்களுக்காக வாங்கும் கருவிக்கு 6,000 வெள்ளி வரை வருமான வரிக் கழிவு கேட்கலாம், ரசீதை பத்திரமாக வையுங்கள். ராத்திரி பேட்டரிக் கதவைத் திறந்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். வாங்கும்போதே கடையில் கேளுங்கள், டியூபை இங்கேயே மாற்றித் தருவீர்களா என்று. இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடையின் சேவையோடு சேர்த்து மதிப்பெண் கேட்டால் இன்றைக்குப் பத்துக்கு நாலுதான் கொடுப்பேன். ஆனாலும் மற்ற காதுக்கும் இதே மாடலைத்தான் வாங்கப் போகிறோம், வேறு கடையில்.