நான் போடாத பிரேக்: 16 மாதம் ஓட்டிய காரைப் பற்றி

மதுரையில் மோட்டார் வாகன விபத்து வழக்குகள் நடத்துகிற வக்கீல் நான். 24 வருஷமாக எம்.சி.ஓ.பி. என்கிற விபத்து இழப்பீட்டு மனுக் கட்டுகளோடுதான் என் பொழுது. பெரும்பாலும் அடிபட்டவர் பக்கம் நிற்பேன். அதனாலேயே கார் மாற்றும்போது, பாதுகாப்பு வசதி எல்லாம் உள்ள மாடல்தான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதமாக நின்றேன். அடாஸ் உள்ள டாப் மாடல்; அதாவது கேமராவும் மென்பொருளும் சாலையைப் பார்த்து எச்சரிக்கிற, தேவைப்பட்டால் தானே பிரேக் போடுகிற வசதி. அது இல்லாததைவிட 1,70,000 ரூபாய் கூடுதல். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் எழுதுவது இந்த வகைக் கார் எல்லாவற்றுக்கும் பொருந்தும். இதுவரை 18,400 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இடது பக்கம் நுழைகிற பைக்கைக் கண்ணாடியில் விளக்கெரித்துக் காட்டுவது நம் ஊருக்கென்றே செய்த வசதி மாதிரி இருக்கிறது. நான்குவழிச் சாலையில் முன்னால் போகிற வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற க்ரூஸ், முழங்கால் வலி உள்ள எனக்குப் பெரிய நிம்மதி. விரகனூர் ரவுண்டானா பக்கம் ஒருநாள் சாயங்காலம் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் சைக்கிளோடு திடீரென்று குறுக்கே வந்தான். என் கால் பிரேக்குக்குப் போவதற்குள் கார் நின்றுவிட்டது. ஹேண்டில்பாரில் தொங்கிய டிபன் பையைப் பிடித்துக்கொண்டு அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த ஒரு நாளுக்கே கொடுத்த பணம் தகும்.

காரைக் கோட்டுக்குள்ளேயே வைத்திருக்கத் தானாக ஸ்டியரிங்கைத் திருப்புகிற லேன் அசிஸ்ட் மட்டும் வேண்டாம். கோடு அழிந்த இடத்திலும் வேலை நடக்கிற டைவர்ஷனிலும் ஸ்டியரிங்கை வெடுக்கென்று இழுக்கிறது. இரண்டாவது வாரமே அணைத்துவிட்டேன்.

இப்போது கோட்டாம்பட்டிக்கு வருகிறேன். போன தை மாதம், அறுவடை நேரம். திருச்சியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம், பின்சீட்டில் அக்கா. ரோட்டோரம் நெல்லைக் காயப்போட்டு நீலத் தார்ப்பாயை மடித்து வைத்திருந்தார்கள். காற்றில் அதன் ஒரு மூலை எழும்பி ரோட்டுப் பக்கம் அடித்தது. அவ்வளவுதான். 75-ல் போன கார் கீச்சென்ற அலாரத்தோடு தானாகவே முழு பிரேக் போட்டது. பின்னால் இளநீர் ஏற்றி வந்த குட்டி யானை வேன் எங்களை இடிக்காமல் வலப்பக்கம் ஒடித்து, சென்டர் மீடியனை உரசி நின்றது. குலை குலையாக இளநீர் ரோட்டில் உருண்டது. டிரைவர் இறங்கி வந்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது அவருக்கு.

“என்னம்மா, நடுரோட்டுல இப்படி பிரேக் போடுறீங்க?”

“நான் போடலண்ணே.”

“நீங்க போடாம பின்ன யாரு போட்டது?”

நெல்லுக்காரர்களும் நாங்களும் சேர்ந்து காயைப் பொறுக்கி ஏற்றினோம். உடைந்ததற்குப் பணம் கொடுத்தேன். பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். யாருக்கும் அடி இல்லை. ஆனால் அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. கோர்ட்டில் யார் எது கேட்டாலும் பதில் வைத்திருப்பவள் நான்.

சாலை விதி இரண்டையும் சொல்கிறது: பின்னால் வருபவர் இடைவெளி விட வேண்டும், முன்னால் போகிறவர் காரணமில்லாமல் சடாரென்று பிரேக் போடக் கூடாது. கோவையில் 2017-ல் நடந்த விபத்தில் இதுதான் பிரச்சினை. முன்னால் போன கார் திடீரென்று நிற்க, பைக்கில் வந்த பொறியியல் மாணவர் அதில் மோதி விழுந்தார். பின்னால் வந்த பஸ் ஏறி, காலை இழந்தார். கர்ப்பிணி மனைவிக்கு வாந்தி வருவதுபோல இருந்ததால் நிறுத்தினேன் என்றார் கார்க்காரர். 2025 ஜூலை 29 அன்று உச்ச நீதிமன்றம் பங்கு பிரித்தது: கார் ஓட்டியவருக்கு 50 சதவீதம், பஸ்ஸுக்கு 30, மாணவருக்கு 20. நெடுஞ்சாலையில் எச்சரிக்கை காட்டாமல் நிறுத்தியது கவனக்குறைவுதான் என்றது. சரியான தீர்ப்பு. ஆனால் அங்கே பிரேக்கில் ஒரு மனிதரின் கால் இருந்தது. கோட்டாம்பட்டியில் என் கால் இல்லை. அந்த இளநீர்க்காரர் செத்திருந்தால் என் 50 சதவீதத்தை யார் தலையில் எழுதுவது?

அதே வாரம், ஆகஸ்ட் 1 அன்று, அமெரிக்காவின் மயாமியில் ஒரு ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு, இந்தக் கேள்விக்கு ஒரு வழி காட்டியது. ஃபுளோரிடாவின் கீ லார்கோவில் 2019-ல் டெஸ்லா கார் ஒன்று, ஓட்டுவதில் உதவுகிற ஆட்டோபைலட் மென்பொருளில் போய்க்கொண்டிருந்தது. கீழே விழுந்த போனை எடுக்க ஓட்டியவர் குனிந்தார். கார் சாலை முடிகிற இடத்தைத் தாண்டிப் போய், நின்றிருந்த வண்டியில் மோதியது. பக்கத்தில் நின்ற 22 வயதுப் பெண் இறந்தார். அவருடைய நண்பருக்குப் படுகாயம். ஓட்டியவரின் கால் ஆக்ஸிலரேட்டரில் இருந்தது, தப்பு முழுக்க அவருடையது என்று வாதாடியது கம்பெனி. ஜூரி ஓட்டியவருக்கு 67 சதவீதம், டெஸ்லாவுக்கு 33 சதவீதம் என்று எழுதியது. 12.9 கோடி டாலர் இழப்பீட்டில் அந்தப் பங்கும், தண்டனையாக 20 கோடியும் சேர்த்து டெஸ்லா மேல் விழுந்தது சுமார் 24.3 கோடி. மேல்முறையீடு செய்வோம் என்றது கம்பெனி. எனக்குத் தொகையைவிட அந்த 33 முக்கியம். குனிந்தவரை ஜூரி விட்டுவிடவில்லை. குனியலாம் என்ற தைரியத்தைக் கொடுத்தவரையும் விடவில்லை.

அந்த தைரியம் எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பதை நானே பார்த்தேன். டெஸ்ட் டிரைவில் ஷோரூம் பையன் பைபாஸில் ஸ்டியரிங்கை விட்டு இரண்டு கையையும் தூக்கி, “பாருங்க மேடம், அதுவே போகுது” என்றான். கையேட்டை வீட்டுக்கு வந்து படித்தால், இது உதவி மட்டும்தான், எப்போதும் ஓட்டுநரே பொறுப்பு என்று பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. விற்கும்போது ஒரு பேச்சு, இடித்தபிறகு ஒரு பேச்சு.

நம் ஊரில் கார் கம்பெனியின் பங்கைக் கேட்க இடமே சரியாக இல்லை. எஃப்.ஐ.ஆரில் “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து” என்ற வரி ஓட்டுநருக்காகவே வார்த்தது. நான் பார்த்த எம்.வி.ஐ. (மோட்டார் வாகன ஆய்வாளர்) அறிக்கைகளில் பிரேக், ஸ்டியரிங், டயர் பார்த்துவிட்டு, இயந்திரக் கோளாறால் விபத்து நடக்கவில்லை என்று முடிப்பார்கள். கேமரா எதைப் பார்த்தது, மென்பொருள் என்ன முடிவெடுத்தது என்று எழுத அதில் வரியே கிடையாது. விபத்து இழப்பீட்டு டிரிப்யூனலில் நாங்கள் எதிர்மனுதாரராகச் சேர்ப்பது ஓட்டுநர், உரிமையாளர், இன்சூரன்ஸ். கார் செய்தவர் அந்தப் பட்டியலில் வருவதில்லை. அவர் மேல் போக 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 84-ஆவது பிரிவு இருக்கிறது. வடிவமைப்புக் குறைக்கும், போதிய எச்சரிக்கை தராததற்கும் உற்பத்தியாளர் பொறுப்பு. ஆனால் அது வேறு மன்றம், வேறு மனு, வேறு சாட்சி. கால் போனவர் இரண்டு வாசலில் நிற்க வேண்டும்.

இரண்டு வண்டி சேர்ந்து ஒருவரை அடித்தால், அவர் முழு இழப்பீட்டையும் யாராவது ஒரு தரப்பிடம் வாங்கிக்கொள்ளலாம், அவர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015-லேயே சொல்லிவிட்டது. கார் கம்பெனிக்கும் அதே முறைதான் வேண்டும். அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் முதலில் கொடுக்கட்டும். பிறகு காரில் இருக்கும் பதிவை எடுத்துவைத்துக்கொண்டு கம்பெனியோடு பங்கு பேசட்டும்.

அந்தப் பதிவு யார் கையில் என்பதில்தான் இந்த காருக்கு நான் மதிப்பெண் குறைக்கிறேன். மயாமி வழக்கிலும் மோதிய நேரத்துத் தரவு தங்களிடம் இல்லை என்றுதான் கம்பெனி சொன்னது. வழக்குப் போட்டவர்கள் அமர்த்திய வல்லுநர் காரின் கணினியிலிருந்தே அதை மீட்டார். நான் சர்வீஸ் சென்டருக்கு மறுநாளே போனேன். ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, “எரர் கோட் எதுவும் இல்ல மேடம், கண்ணாடி அழுக்கா இருந்திருக்கும்” என்றார் அட்வைசர். கோட்டாம்பட்டியில் அந்த ஐந்து நொடியின் பதிவைக் கொடுங்கள் என்றேன். கம்பெனிக்கு மெயில் போடச் சொன்னார். போட்டேன். அமைப்பு சரியாக வேலை செய்கிறது, கவனமாக ஓட்டவும் என்று இரண்டு வரிப் பதில் வந்தது.

முன்னும் பின்னும் பதிவாகிற டேஷ்கேம் வாங்கி மாட்டிவிட்டேன். இந்த வகைக் கார் எடுப்பவர்கள் அதையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். 20,000 கிலோமீட்டர் சர்வீஸுக்கு விடும்போது அந்தப் பதிவைக் கேட்டு எழுத்தில் கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்கப்போகிறேன்.