சுண்டிக்குளத்துக்குப் பறவை பார்க்கப் போனோம், வெயில் ஏறின பிறகு

தலைக்கு 4500 ரூபாய், வான், காலைச் சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் அதற்குள் என்றார்கள் பயணத்தை ஒழுங்கு செய்தவர்கள். மாசியில் ஒரு சனிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். விடிய நாலரைக்கு நல்லூரடியில் நிற்கச் சொன்னார்கள், நின்றோம். வான் வந்தது ஐந்தே முக்காலுக்கு. பிறகு கொடிகாமத்தில் இரண்டு பேரை ஏற்றி, ஒருவர் தண்ணீர்ப் போத்தல் வாங்க இறங்கி, கிளிநொச்சிப் பக்கக் கடலோரத்தில் இருக்கிற சுண்டிக்குளம் களப்புக்கரைக்குப் போய்ச் சேர ஏழரை தாண்டிவிட்டது. அந்த வெட்டையில் வெயில் ஏறிக் கானல் எழும்பினால் தூரத்தில் நிற்கிற குருவி எல்லாம் நனைந்த மைதான். இதுகூடத் தெரியாமலா ஒழுங்கு செய்கிறார்கள்?

வழிகாட்டித் தம்பியை மட்டும் குறை சொல்ல முடியாது. 1938 இல் சரணாலயம், 2015 இல் தேசிய பூங்கா என்று வரலாற்றை ஒரு வசனத்தில் முடித்துவிட்டு நேரே சேற்றைக் காட்டினார். மாரி மழையும் கனகராயன் ஆறும் கொண்டுவந்து நிரப்பின தண்ணீர் மெல்ல வற்ற, கரையோரம் வெளிப்படுகிற சேற்றில்தான் உள்ளான் என்கிற கரையோரப் பறவைகளுக்குத் தீன், "நடுத்தண்ணியை விடுங்கோ அக்கா, விளிம்பைப் பாருங்கோ" என்றார். பார்த்தால் பவளக்கால் உள்ளான் கூட்டமாக நிற்கிறது! கொஞ்சம் தள்ளி ஊசிவால் வாத்துகள், மஞ்சள்மூக்கு நாரை நாலைந்து. அப்புறம் பூநாரை. தொலைநோக்கியில் கண்ணை வைத்த மகள், "அம்மா, தலைகீழாச் சாப்பிடுது" என்று கத்திவிட்டாள். உண்மைதான், அலகைக் கவிழ்த்து வைத்து நாக்கால் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளி வடிகட்டுகிறது.

ஆனால் பதினெட்டுப் பேருக்கு ஒரே ஒரு தொலைநோக்கி, அதன் கால் ஒன்று சைக்கிள் ரியூபால் கட்டியிருந்தது. வரிசையில் நின்று அலுத்த ஒருவர், சிவப்புச் சேட்டோடு, போனைத் தூக்கிக்கொண்டு பூநாரைக் கூட்டத்தை நோக்கி நடந்தார். தம்பி கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை, ஒழுங்கு செய்தவரோ "ஒரு படம்தானே" என்கிறார். அவ்வளவும் எழும்பிப் போய்விட்டன. (எழும்பும்போது செட்டையின் சிவப்பும் கறுப்பும் தெரிந்தது என்னவோ வடிவுதான், பொய் சொல்லக்கூடாது.)

இடியப்பமும் சொதியும் நன்றாக இருந்தன. மலசலகூடம் பற்றி முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

ஐந்துக்கு மூன்று, அதிலும் இரண்டு அந்தத் தம்பிக்கு. போகிறவர்கள் எத்தனை பேர், எத்தனை தொலைநோக்கி என்று கேட்டுவிட்டுக் காசைக் கட்டுங்கள். நான் அடுத்த முறை சொந்தக்காரரின் ஓட்டோவில் நாலு மணிக்கே வெளிக்கிடப் போகிறேன், தம்பி வரச் சம்மதித்திருக்கிறார்.