ஏஜென்ட் மூலம் வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தவர்களே, உங்கள் விண்ணப்பத்தில் இருப்பது யாருடைய மின்னஞ்சல்?

கடைசி செமஸ்டரில் இருந்துகொண்டே வெளிநாட்டு மேற்படிப்புக்கும் விண்ணப்பித்திருக்கும் தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் விண்ணப்பத்தில் எந்த மின்னஞ்சல் முகவரி இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

பிரிட்டனில் முதுகலை படிக்க ஒரு கன்சல்டன்சி வழியாக விண்ணப்பித்திருந்தேன். பிராஜெக்ட் ரிவ்யூ, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து, வைவா, நோ டியூஸ் என்று மூச்சுவிட நேரமில்லாத நாட்கள். “நீங்க பரீட்சையைப் பாருங்க, மத்ததை நாங்க பார்த்துக்கறோம்” என்றார்கள். ஆஃபர் லெட்டரை வாட்ஸாப்பில் அனுப்பினார்கள். அதன் பிறகு எப்போது கேட்டாலும் “பிராசஸ்ல இருக்கு” என்ற ஒரே பதில்தான்.

தேர்வு முடிந்ததும் பல்கலைக்கழகத்துக்கு நானே எழுதிக் கேட்டேன். முன்பணம் கட்டச் சொல்லிக் கடிதமும் நினைவூட்டல்களும் எப்போதோ அனுப்பிவிட்டார்களாம், கெடுவும் முடிந்துவிட்டது. விண்ணப்பத்தில் என் பெயர், பாஸ்போர்ட் எண், மதிப்பெண் எல்லாம் சரியாக இருந்தன. மின்னஞ்சல் மட்டும் என் பெயரில் அவர்கள் தொடங்கிய ஒரு ஜிமெயில் கணக்கு. முன்பணம் கட்டினால்தான் அந்தப் பல்கலைக்கழகம் சிஏஎஸ் எண் தரும், அதாவது நம்மைச் சேர்த்துக்கொண்டதை உறுதிசெய்யும் எண். அந்த எண் இல்லாமல் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. பாஸ்வேர்டைக் கேட்டதற்கு, ‘ஃபைல் குளோஸிங் சார்ஜ்’ கட்டினால்தான் தருவோம் என்றார்கள். கூடவே, வேறொரு பல்கலைக்கழகத்துக்கு மாறச் சொல்லி ஒரே வற்புறுத்தல். மாணவர் சேர்ந்தால் ஏஜென்ட்டுக்குக் கமிஷன் தரும் பல்கலைக்கழகங்கள் நிறைய உண்டு. ஏஜென்ட்டுகள் எந்தப் பல்கலைக்கழகத்தை ‘பெஸ்ட்’ என்று சொல்கிறார்கள் என்பதை அதை வைத்துப் பாருங்கள்.

இதைவிட ஆபத்தான பேச்சு ஒன்றும் வந்தது. விசாவுக்காகக் காட்ட வேண்டிய பணத்தைச் சில நாட்களுக்குக் கணக்கில் போட்டு பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்துத் தருகிறோம், தேதியையும் சரிசெய்துவிடலாம் என்றார்கள். பிரிட்டன் விதிப்படி அந்தப் பணம் தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருக்க வேண்டும். அந்த 28 நாட்கள் முடியும் தேதி, விசாவுக்கு விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 31 நாட்களுக்குள் வர வேண்டும். போலி ஆவணம் என்று பிடிபட்டால் 10 ஆண்டுகள் வரை விசா மறுப்பார்கள். பத்து வருடம் கதவடைபடப்போவது ஏஜென்ட்டுக்கு இல்லை, நமக்கு.

பாஸ்வேர்டுக்காக ஒரு பைசாகூடக் கட்டவில்லை. என் சொந்த மின்னஞ்சலிலிருந்து, விண்ணப்ப எண்ணையும் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் இணைத்து, முகவரியை மாற்றும்படி அட்மிஷன்ஸ் பிரிவுக்கு எழுதினேன். மாற்றிக் கொடுத்தார்கள், ஜனவரி சேர்க்கைக்கும் ஒத்துக்கொண்டார்கள். கன்சல்டன்சிக்குக் கட்டிய பணம்தான் இன்னும் வரவில்லை. ரசீதில் ‘சேவைக் கட்டணம்’ என்று மட்டும் போட்டிருக்கிறது. எது நடக்காவிட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று ஒரு வரி இல்லை. கட்டும் முன்பே அந்த வரியை எழுதி வாங்குங்கள். அசல் சான்றிதழ்களை அவர்களிடம் விட்டுவைத்திருந்தால் முதலில் போய் அதை வாங்கிவிடுங்கள், மற்ற பேச்செல்லாம் அப்புறம்.