அதிமதுரமா, ஆடாதோடையா? இருமலுக்குக் கை வைக்குமுன்

இருமல் என்றதும் கைவைத்தியத்தில் முதலில் அடிபடும் பெயர்கள் இவை இரண்டும். வறட்டு இருமலுக்கு அதிமதுரம், நெஞ்சில் கட்டிய சளிக்கு ஆடாதோடை என்று பிரித்துச் சொல்வார்கள். சரி, எது கேட்கும் என்பது தெரிந்துவிட்டது. யாருக்கு எது ஆகாது? அதைக் கேட்பவர்கள் குறைவு.

இரண்டில் நான் அதிகம் பயப்படுவது இனிக்கிறதே, அதற்குத்தான்.

அதிமதுரத்தின் தித்திப்பு கிளைசிரைசின் என்ற பொருளால் வருவது. சர்க்கரையைவிட 30 முதல் 50 மடங்கு இனிப்பு. கார்டிசால் ஹார்மோன் சிறுநீரகத்தில் தேவையில்லாத வேலை பார்க்காமல் அடக்கி வைக்க ஒரு நொதி இருக்கிறது. கிளைசிரைசின் அந்த நொதியை முடக்கிவிடும். அப்புறம் உப்பும் நீரும் உடம்பிலேயே தங்கும், பொட்டாசியம் சிறுநீரோடு போகும், பிரஷர் ஏறும். காலையில் போட்ட காலுறையின் ரப்பர் மாலையில் கணுக்காலில் பள்ளமாகப் பதிந்திருக்கும். வெயிலில் நின்றதால் என்று நினைத்துக்கொள்வோம். பொட்டாசியம் ரொம்ப இறங்கினால் தசைகள் தளரும், இதயத் துடிப்பே தடுமாறும்.

வழக்கமாக எடுப்பவர்களுக்கு கிளைசிரைசிக் அமிலம் (கிளைசிரைசினுக்கே இன்னொரு பெயர்) நாளொன்றுக்கு 100 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்று ஐரோப்பிய உணவு அறிவியல் குழு 2003இல் சொன்னது. வேருக்கு வேர் இதன் அளவு மாறும். 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 2.5 கிராம் தூளிலேயே அந்த 100 வந்துவிடும். அதாவது ஏறத்தாழ ஒரு டீஸ்பூன். பாலில் ஒரு முறை, தேனில் ஒரு முறை, நடுவில் குச்சியை வேறு சப்பிக்கொண்டிருந்தால் கணக்கு எங்கே நிற்கும்? இனிப்பு என்பதால் யாரும் மருந்து என்றே நினைப்பதில்லை.

ஆடாதோடையில் இந்தத் தொல்லை இல்லை. ஆடு தொடாத இலை என்று பெயர்க்காரணம் சொல்வார்கள். அவ்வளவு கசப்பு; அதன் கஷாயத்தை இரண்டாவது டம்ளர் கேட்பவரை நான் பார்த்ததில்லை. மீறிக் குடித்தால் குமட்டல், வாந்தி, பேதி என்று வயிறே திருப்பி அனுப்பிவிடும். இதிலுள்ள வாசிசின் மூச்சுக்குழலைத் தளர்த்தும். இருமல் சிரப்புகளில் வரும் புரோம்ஹெக்சின் இந்த வாசிசினை ஒட்டி உருவாக்கப்பட்டதுதான். ஆனால் இதே வாசிசின் கருப்பையைச் சுருங்கவும் வைக்கும். எனவே கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடை கூடவே கூடாது.

அப்படியானால் அவர்களுக்கு அதிமதுரமா? அதுவும் வேண்டாம். பின்லாந்தில் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டிய பொருள்களில் அதிமதுரமும் உண்டு.

பிரஷர், இதயம், சிறுநீரகம் என்று ஏதாவது ஒன்றுக்கு மாத்திரை எடுப்பவர் அதிமதுரத்தை விட்டுவிடலாம். நீர் பிரிய மாத்திரையும் பொட்டாசியத்தை இறக்கும், இதுவும் இறக்கும். டைகாக்சின் என்ற இதய மருந்து எடுப்பவருக்கு அந்த இறக்கம் மருந்தையே நஞ்சாக்கும். ஸ்டீராய்டு எடுப்பவர்களும் தொடக்கூடாது. இவர்களுக்குச் சளி என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆடாதோடைப் பக்கம் போகலாம். வேறு எந்த நோயும் இல்லாத பெரியவருக்குத் தொண்டை வறண்டால், நாலைந்து நாள் சின்னத் துண்டு அதிமதுரம் போதும். மாதக்கணக்கில் வேண்டாம்.

எதில் தேன் கலந்தாலும் ஒரு வயது ஆகாத குழந்தைக்குக் கொடுக்கக்கூடாது. பொட்யூலிசம் என்ற நச்சுத் தொற்றுக்கு அந்தத் தேனே வழியாகலாம்.

இன்னொன்று. குன்றிமணிக் கொடியின் வேரும் இனிக்கும், அதிமதுரத்துக்குப் பதிலாகப் புழங்குவதும் உண்டு. அதன் விதை கொடிய நஞ்சு. தூளாக வாங்கினால் எது என்று கண்டுபிடிக்க முடியாது என்பதால் வேராக வாங்கி, உடைத்துப் பார்த்து இடித்துக்கொள்வது என் வழக்கம்.

சளியில் ரத்தம், மூச்சிரைப்பு, இரண்டு வாரம் தாண்டிய இருமல், சாயங்காலக் காய்ச்சல் இருந்தால் இரண்டு டப்பாவையும் மூடிவைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். இத்தனை நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று அவர் கேட்கும்போது அதிமதுரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.