குளூட்டன் இல்லாத பிரெட்: சாந்தன் கம்மா, இசப்கோலா?

கோதுமையை விட்டுவிட்டு வீட்டில் பிரெட் சுட ஆரம்பிப்பவர்கள் முதலில் மாவைப் பற்றித்தான் குழம்புவார்கள். எந்த மாவு, எவ்வளவு, எதோடு எது என்று. அது அவ்வளவு பெரிய சிக்கல் இல்லை. அரிசி மாவோ சிறுதானிய மாவோ ஒன்றிரண்டு, கூடவே மரவள்ளி ஸ்டார்ச்சோ உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சோ மூன்றில் ஒரு பங்கு. இதில் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் சாப்பிடும்படி வந்துவிடும். மாவைப் பிடித்து வைக்க என்ன போடுகிறோம் என்பதுதான் பெரிய கேள்வி.

கோதுமையில் அந்த வேலையைக் குளூட்டன் என்ற புரதம் பார்த்துக்கொள்கிறது. தண்ணீர் சேர்த்துப் பிசைந்தால் வலைபோலப் பின்னிக்கொண்டு, ஈஸ்ட் விடும் வாயுவை உள்ளேயே பிடித்து வைக்கும். மற்ற மாவுகளில் அந்த வலை கிடையாது. அதனால் வெளியிலிருந்து ஏதாவது ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. வீட்டுச் சமையலில் பெரும்பாலும் இரண்டுதான் போட்டிக்கு நிற்கின்றன: சாந்தன் கம், இசப்கோல் உமி (ஒரு செடியின் விதை மேல்தோல்). இரண்டையும் வைத்துச் சுட்டுப் பார்த்து, பிரெட்டுக்கு நான் இசப்கோல் பக்கம் சாய்ந்துவிட்டேன். ஆகவே இந்த அலசல் நடுநிலையானது என்று நினைத்து யாரும் படிக்க வேண்டாம்.

சாந்தன் கம் ஒரு பாக்டீரியா சர்க்கரையை நொதிக்க வைக்கும்போது கிடைக்கும் பசை. பொட்டலங்களில் இ 415 என்ற எண்ணோடு அச்சிடப்பட்டிருப்பது இதுதான். 1969-இல் அமெரிக்காவில் உணவில் சேர்க்க அனுமதி கிடைத்தது. அதன் பெரிய வசதி அளவு. கேக்குக்கு ஒரு கப் மாவுக்கு அரை டீஸ்பூன், குக்கீஸுக்குக் கால், பிரெட்டுக்கு ஒரு டீஸ்பூன் போதும். சின்னப் பொட்டலம் வாங்கினால் எப்போது தீரும் என்றே தெரியாது. நிறமும் ருசியும் மாறாது, ஊற வைக்கவும் வேண்டாம். நேராகத் தண்ணீரில் கொட்டினால் மட்டும் கட்டிதட்டிவிடும். உலர்ந்த மாவிலோ சர்க்கரையிலோ முதலில் கலந்துவிட்டால் அந்தத் தொல்லையும் இல்லை.

இசப்கோலில் கதை வேறு. பலருக்கு இது மலச்சிக்கல் மருந்தாகத்தான் அறிமுகம். ஆரஞ்சுச் சுவையும் சர்க்கரையும் கலந்தது பிரெட்டுக்கு ஆகாது, வெறும் உமிதான் வேண்டும். அளவும் கூடுதல்: 300 கிராம் மாவுக்கு நான் 18 முதல் 20 கிராம் வரை போடுகிறேன். முதலில் அதை 340 கிராம் வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கிவிட்டால் சில நிமிடத்திலேயே கெட்டியான கூழாகிவிடும். பிறகுதான் மாவில் சேர்க்க வேண்டும். உமிக்குப் பதில் பொடித்த இசப்கோல் என்றால் அளவைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், அது தண்ணீரை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். சில பொட்டலங்களில் வரும் இசப்கோல் பிரெட்டை லேசான ஊதா நிறமாக்கிவிடும். பார்க்க ஒரு மாதிரி இருக்கும், சாப்பிட ஒன்றும் ஆகாது. பை சீக்கிரம் காலியாகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதுவரை படித்தால் சாந்தன் கம்தான் ஜெயித்த மாதிரி தெரியும். எனக்கு முடிவைத் தந்தது மறுநாள் காலை பிரெட் எப்படி இருக்கிறது என்பது.

சுட்ட அன்று இரண்டும் நன்றாகத்தான் இருக்கும். குளூட்டன் இல்லாத பிரெட்டில் மாவுச்சத்தின் பங்கு மிக அதிகம். ஆறியதுமே அந்த மாவுச்சத்து தன் பழைய ஒழுங்குக்குத் திரும்பத் தொடங்கும். ஒரு பகுதி சில மணி நேரத்திலேயே இறுகும், இன்னொரு பகுதி நாள் கணக்கில் மெதுவாக இறுகிக்கொண்டே போகும். போகப் போகப் பிரெட் விறைக்கும், பொடியும். இதைத் தடுத்து நிறுத்த முடியாது, தாமதப்படுத்தத்தான் முடியும். அதற்கு உள்ளே தண்ணீரைப் பிடித்து வைக்க ஏதாவது வேண்டும். இசப்கோல் தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது, அளவும் தாராளமாகப் போடுகிறோம். அதனால் மாவின் எடையைவிடக் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றினாலும் மாவு ஓடாமல் நிற்கிறது, மறுநாளும் துண்டை வளைத்தால் உடனே முறிவதில்லை. சாண்ட்விச் செய்யலாம், டோஸ்டரைத் தேட வேண்டியதில்லை.

சாந்தன் கம்மும் தண்ணீரைப் பிடிக்கும். ஆனால் போடுவது ஐந்தாறு கிராம். சரி, கூட்டிப் போடலாமே என்றால், பிரெட்டின் உட்புறம் ரப்பர் மாதிரி ஆகி வாயில் வழவழக்கும். அளவுக்கு ஒரு மேல்வரம்பு இருப்பதால் மென்மைக்கும் வரம்பு வந்துவிடுகிறது. மறுநாள் நான் அதை டோஸ்ட் செய்துதான் சாப்பிட்டேன். சூடேறியதும் இறுகிய மாவுச்சத்து இளகும் என்பதால் அப்போது நன்றாகவே இருந்தது.

எதைப் போட்டுச் சுட்டாலும் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில் பிரெட் வெளியே இருப்பதைவிட வேகமாக விறைக்கும். முழுக்க ஆறவிட்டு, துண்டு போட்டு, ஃப்ரீசரில் வைப்பது நல்லது. இசப்கோல் பிரெட்டைச் சூட்டோடு வெட்டினால் உள்ளே வேகாத மாதிரி பிசுபிசுக்கும். உட்புற வெப்பம் 96 முதல் 98 டிகிரி செல்சியஸ் தொட்ட பிறகே ஓவனிலிருந்து எடுத்தாலும் ஆறும்வரை பொறுமை வேண்டும். வீட்டில் அந்தப் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இன்னொரு வித்தியாசம் கையில் தெரியும். இசப்கோல் சேர்த்த மாவைக் கையால் உருட்டலாம், பன்னாக வடிவம் கொடுக்கலாம். சாந்தன் கம் மட்டும் சேர்த்த பிரெட் மாவு பெரும்பாலும் கெட்டியான கேக் மாவுபோலத்தான் இருக்கும். டின்னில் ஊற்றித்தான் ஆக வேண்டும்.

கேக், குக்கீஸ் என்று வந்தால் நானே கட்சி மாறிவிடுவேன். அங்கே முட்டையும் கொழுப்பும் பாதிப் பிடிமானத்தைத் தந்துவிடும், மிச்சத்துக்குச் சிட்டிகை சாந்தன் கம் போதும். அங்கே இசப்கோல் போட்டால் தேவையில்லாத ஈரமும் நார்ச்சத்தின் சொரசொரப்பும் வரும். குழம்பையோ சாஸையோ கெட்டியாக்கவும் சாந்தன் கம்தான்.

வயிறு விஷயத்தில் இரண்டும் எல்லோருக்கும் ஒத்துக்கொள்வதில்லை. சாந்தன் கம் சிலருக்கு வாயுத் தொல்லை தரும். இசப்கோல் நார்ச்சத்து, பழக்கமில்லாதவர்கள் முதல் நாளே நாலு துண்டு சாப்பிட வேண்டாம். அது சில மருந்துகள் உடலில் சேர்வதையும் குறைக்கலாம். தினமும் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. செலியாக் நோய் (குளூட்டன் சாப்பிட்டால் குடல் பாதிக்கப்படும் நோய்) உள்ளவர்களுக்காகச் சுடுகிறீர்கள் என்றால், எதை வாங்கினாலும் பொட்டலத்தில் குளூட்டன் இல்லை என்ற குறிப்பைப் பாருங்கள். பல நாடுகளில் அதற்கு வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். இசப்கோல் வயலில் விளைவது, அறுவடையிலோ அரைக்கும் இடத்திலோ மற்ற தானியம் கலக்க வாய்ப்புண்டு. கோதுமை மாவு சலித்த சல்லடையும் பழைய மரக்கரண்டியும் அந்தச் சமையலறையில் தனியாக இருக்கட்டும்.

இரண்டையும் சேர்த்துப் போடும் செய்முறைகளும் இருக்கின்றன. இசப்கோலைப் பாதியாக்கி அரை டீஸ்பூன் சாந்தன் கம் சேர்த்துப் பார்த்தேன், துண்டு கொஞ்சம் லேசாக வந்தது. நிறைய முறை செய்யாததால் அது கம்மினாலா, அன்று ஈஸ்ட் நன்றாகப் பொங்கியதாலா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பை (pie) போன்ற பலகாரங்களின் மொறுமொறுப்பான அடித்தட்டுக்கு எது நல்லது என்பதிலும் என் அனுபவம் குறைவு. இப்போதைக்கு அதற்குச் சாந்தன் கம்தான் போடுகிறேன்.