உண்டியலுக்கு இருக்கும் விதி துணிப்பெட்டிக்கும் வேண்டும்

சென்ற ஐப்பசியில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கடை வாசலில் பழைய துணிகளைத் தானமாகப் போட வைத்திருந்த துணிப்பெட்டிக்குள் என் மகளின் இரண்டு பள்ளிச் சீருடைகளைத் துவைத்துத் தேய்த்து மடித்துப் போட்டேன். அடுத்த வாரம் முழுக்க மழை. அதன்பின் அந்தப் பக்கம் போனபோது பெட்டியின் வாயிலிருந்து ஒரு புடவைத் தலைப்பை மாடு இழுத்துக்கொண்டிருந்தது. அடியில் கறுப்புத் தண்ணீர் வடிந்தது. ‘இல்லாதோர்க்கு உதவுங்கள்’ என்று மட்டும் எழுதியிருந்தது. வைத்தவர் பெயரோ தொலைபேசி எண்ணோ இல்லை. கடைக்காரருக்கும் தெரியவில்லை.

மாநகராட்சி இதற்கு என்ன செய்யலாம் என்று அன்றிலிருந்து யோசித்து வருகிறேன். நான்கு வழிகள் தோன்றுகின்றன.

எல்லாப் பெட்டிகளையும் அகற்றிவிடுவது முதல் வழி. கோபத்தில் எனக்கும் அதுவே தோன்றியது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் செயின்ட் ஜான்ஸ் என்ற சிறு நகரம் அப்படித்தான் தடை போட்டது. தானம் கேட்பதும் பேச்சுரிமையில் சேரும் என்று சொல்லி, அந்தத் தடையை அமலாக்க விடாமல் 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்திவைத்தது. நம் சட்டம் வேறு. ஆனாலும் பெட்டியே இல்லையென்றால் நல்ல துணியும் குப்பை வண்டிக்குத்தான் போகும்.

பெட்டிக்குப் பதில் சுவர் என்பது இன்னொரு வழி. திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் 2017இல் ‘அன்புச் சுவர்’ வைத்தார்கள். வேண்டாதவர் வைத்துவிட்டுப் போகலாம், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். யாரிடமும் கை நீட்ட வேண்டாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். கூரையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் இருந்தால் நல்லது. கடலூரில் கூரையில்லாத சுவர் மூன்று மாதத்துக்கு வீண்.

2023 மே மாதம் மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகத்தின் இயக்கத்தால் நாடெங்கும் நகரங்களில் பழைய பொருள் சேகரிப்பு மையங்கள் தொடங்கப்பட்டன. அங்கே துணி, புத்தகம், பொம்மை ஆகியவற்றை ஆளே வாங்கி வைக்கிறார். நான்கில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது இதுதான், ஏனென்றால் கிழிந்ததை அந்த ஆள் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட முடியும். ‘பழைய துணிக்குப் பாத்திரம்’ என்று கூவிக்கொண்டு தெருவில் வரும் பெண்களும் அதையே செய்கிறார்கள். ஒவ்வொரு புடவையையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்காமல் ஒரு கிண்ணம்கூடத் தரமாட்டார்கள். அவர்கள் போன தெருவில் துணி நனைந்து கிடந்து நான் பார்த்ததில்லை. ஆனால் மையம் அலுவலக நேரத்தில்தான் திறந்திருக்கும். வேலைக்குப் போகிறவருக்கு இரவு ஒன்பது மணிக்கும் திறந்திருப்பது பெட்டிதான்.

எனவே கடைசி வழியான, பெட்டி வைக்க உரிமம் கொடுப்பதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். கலிபோர்னியாவில் பெட்டியின் முகப்பிலேயே உரிமையாளர் பெயர், முகவரி, தொலைபேசி எண் எழுதியிருக்க வேண்டும். அது லாப நிறுவனமா, தொண்டு நிறுவனமா என்பதையும் பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும். அங்கே ஓக்லாந்து நகரம் பெட்டி வைக்க உரிமம் கட்டாயம் என்றது. அதை எதிர்த்துப் போன அமைப்புக்கு 2017இல் நீதிமன்றம் தடை ஆணை தரவில்லை. பெட்டியின் அமைப்பையும் உரிமத்தில் பார்க்க வேண்டும். கனடாவின் மேற்கு வான்கூவரில் 2018 டிசம்பரில் துணிப்பெட்டியின் வாயில் சிக்கி ஒருவர் இறந்தார். திருட்டைத் தடுக்க வைத்த மூடி ஆளையே பிடித்துக்கொண்டது.

அத்தனை தூரம் போகாமலும் நமக்கு முன்மாதிரி உண்டு. திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் உண்டியலை எவரும் தம் விருப்பத்துக்குத் திறந்துவிட முடியாது. அறநிலையத் துறை அலுவலர் முன்னிலையில் திறந்து, பலர் கூடி எண்ணி, தொகையை அறிவிக்கிறார்கள். காசுக்கு இவ்வளவு காவல் வைத்திருக்கிறோம். ஒரு தாய் மடித்துப் போட்ட குழந்தைச் சட்டைக்கு ஒன்றுமே இல்லை. துணிப்பெட்டி எப்போது திறக்கப்பட்டது, எத்தனை மூட்டை எடுக்கப்பட்டது, எங்கே போனது என்று பெட்டியின் மேலேயே ஒரு பலகையில் எழுதினால் போதும்.

2004 சுனாமிக்குப் பின் எங்கள் கடற்கரையில் சாலையோரம் குவிந்துகிடந்த துணிகளைப் பார்த்தவர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள். வெயில் ஊருக்குக் கம்பளிச் சட்டைகள் வந்தன. வீட்டை இழந்த மீனவப் பெண்களுக்குக் கிழிந்த புடவைகள் வந்தன. அவர்கள் அவற்றைத் தொடவில்லை. அது சரியே.

யார் கண்காணிப்பது என்பதில் கடலூரும் புதுச்சேரியும் வேறுபடுகின்றன. இங்கே 2022இல் தேர்ந்தெடுக்கப்பட்ட 45 வார்டு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். பெட்டி நிரம்பி வழிந்தால் போய்க் கேட்க ஒருவர் உண்டு. புதுச்சேரி, உழவர்கரை நகராட்சிகளுக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2006இல். அங்கே உரிமம் கொடுத்தால் பொறுப்பு அலுவலரின் பெயரையும் எண்ணையும் பெட்டியிலேயே எழுத வேண்டும்.

மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் பெட்டியை நாள்தோறும் திறந்து எடுக்க வேண்டும், இரண்டு நாள் தவறினால் உரிமம் ரத்தாக வேண்டும் என்பது அதன் முதல் வரி.