ஸ்டார்மி வெதர் ப்ளூ-ரே: அந்தப் படிக்கட்டு ஒன்றுக்காகவே வாங்கலாம்

1943-இல் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் எடுத்த ‘ஸ்டார்மி வெதர்’ ப்ளூ-ரே வட்டை வாங்கிப் பார்த்தேன். 78 நிமிடப் படம். பள்ளிப் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லித்தருகிறவள் நான். பழைய ஹாலிவுட் இசைப் படம் என்றால் கண் முதலில் கால்களுக்குத்தான் போகும். இதில் முகங்களையும் பார்க்க வேண்டும். நடித்திருப்பவர்கள் ஏறக்குறைய எல்லோருமே கறுப்பினத்தவர்கள்.

அந்தக் காலத்தில் பெரிய ஸ்டுடியோக்களின் இசைப் படங்களில் கறுப்பினக் கலைஞர்கள் பெரும்பாலும் ஒரு பாட்டுக்கு வந்துபோகிறவர்கள்தான். பாடகி லீனா ஹார்னையே எடுத்துக்கொள்ளுங்கள். எம்ஜிஎம் என்ற இன்னொரு பெரிய ஸ்டுடியோ அவரை ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தது. ஆனால் பல படங்களில் கதையோடு சேராமல் தனியாக நின்று பாடிவிட்டுப் போய்விடுவார். இனப் பாகுபாடு நிலவிய அமெரிக்கத் தென் மாநிலத் தியேட்டர்காரர்கள் அவர் வரும் பகுதியை வெட்டியெறிந்தாலும் கதை அறுபடக் கூடாது என்ற கணக்கு அது. இந்தப் படத்துக்காக ஃபாக்ஸ் அவரை எம்ஜிஎம்மிடம் இரவல் வாங்கியது. இங்கே அவர்தான் கதாநாயகி. அவரை வெட்டினால் படமே மிஞ்சாது.

கதை மெலிசு. முதல் உலகப் போரிலிருந்து திரும்பும் நடனக்காரர், ஒரு பாடகி, காதல், பிரிவு, சேர்தல், அவ்வளவுதான். நாயகனாக வரும் டாப் நடனக்காரர் (காலணியால் தரையைத் தட்டி ஆடுகிறவர்) பில் ராபின்சன் 1878-இல் பிறந்தவர், லீனா 1917-இல். அந்தக் காதலை என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் அந்த வயதில் ராபின்சன் பெரிய முரசுகளின் மேல் தாவித் தாவி ஆடுவதைப் பார்த்தால் வயதுக் கணக்கே மறந்துபோகிறது. உடம்பு நிமிர்ந்தே இருக்கும், வேலையெல்லாம் பாதத்தில்.

இப்போது டாப் நடன இரட்டையர் நிக்கோலஸ் சகோதரர்களுக்கு வருகிறேன். இசைக்குழுத் தலைவர் கேப் கேலோவே பாடி முடித்ததும் ஃபயார்ட், ஹரால்ட் இருவரும் வாத்தியக்காரர்களுக்கு நடுவே மேடை விட்டு மேடை தாவுகிறார்கள், பியானோ மேல் ஏறுகிறார்கள். அப்புறம் அந்தப் பெரிய படிக்கட்டு. ஒருவர் தலைக்கு மேல் மற்றவர் தாண்டி, அடுத்த படியில் இரண்டு காலையும் விரித்து விழுகிறார். கை தரையில் படாமல் எழுகிறார். அதற்குள் பின்னால் இருந்தவர் அவரைத் தாண்டி இன்னும் ஒரு படி கீழே. இப்படியே அடிவரை. வட்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எழும்போது தொடையும் இடுப்பும் மட்டுமே உடம்பைத் தூக்குகின்றன. கேமராவும் முழு உடம்பையும் காட்டுகிறது. காலைத் தனியாக நறுக்கிக் காட்டி ஏமாற்றும் வேலை இல்லை. திரையில் வந்த நடனங்களிலேயே சிறந்தது இது என்று ஹாலிவுட்டின் புகழ்பெற்ற நடன நாயகன் ஃப்ரெட் அஸ்டைர் பாராட்டியதாகச் சொல்வார்கள். நான் அதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன்.

இவ்வளவு திறமை இருந்தும் அவர்கள் பெரிய வேடங்களில் வளர வழி கிடைக்கவில்லை. அது எனக்கு ஆறாத கோபம்.

படத்தில் என்னை வருத்திய இடங்களும் உண்டு. கறுப்பின நகைச்சுவை நடிகர்கள் இருவர் முகத்தில் மேலும் கரி பூசிக்கொண்டு ஒரு காட்சியில் வருகிறார்கள். கறுப்பினத்தவரைக் கேலி செய்ய முகத்தில் கரி பூசுவது பழைய அமெரிக்க மேடை மரபு என்று விளக்கம் சொல்லலாம்; பார்க்க எனக்கு வலித்தது. இசைக்காக அழைக்கப்பட்ட வில்லியம் கிராண்ட் ஸ்டில் என்ற கறுப்பின இசையமைப்பாளர், ஸ்டுடியோ தன் மக்களை இழிவுபடுத்துகிறது என்று பாதியிலேயே விலகிவிட்டார். நடிகர்கள் ஏறக்குறைய எல்லோரும் கறுப்பினத்தவர்கள், ஆனால் முடிவெடுக்கும் நாற்காலியில் அவர்கள் இல்லை. இயக்கியவர் ஆண்ட்ரூ ஸ்டோன், வெள்ளையர். பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டுவதானால் அந்தக் கரிக் காட்சியைத் தாண்டிவிட வேண்டாம். நிறுத்தி, ஏன் இப்படி என்று பேசுங்கள்.

ஜாஸ் இசைக் கலைஞர் ஃபேட்ஸ் வாலர் பியானோவில் உட்கார்ந்து புருவத்தை ஆட்டிப் பாடும் இடம் தனி விருந்து. அதே 1943 டிசம்பரில் அவர் இறந்துபோனார். நடனக் கலைஞர் கேத்தரின் டன்ஹாம் குழுவின் மழைத் தெரு நடனமும் அருமை.

வட்டில் கறுப்பு வெள்ளைப் படம் தெளிவாக இருக்கிறது, காலணி தட்டும் சத்தம் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கிறது. ஒரே எச்சரிக்கை: ப்ளூ-ரே வட்டுகளை உலகின் பகுதிவாரியாக ஏ, பி, சி என்று மண்டலம் பிரித்திருக்கிறார்கள். நம் நாட்டு ப்ளூ-ரே பிளேயர்கள் சி மண்டலத்தைச் சேர்ந்தவை; அமெரிக்க வட்டு ஏ மண்டலத்துக்கு மட்டும் பூட்டியதாக இருந்தால் ஓடாது. அட்டையைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.